கண்டாக்கு இல்லாத ஓர்கெஸ்ட்ரா

தேயிலைக் கொழுந்து மலையில் குனிந்து நிற்கிற பெண்களுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பவருக்குக் கண்டாக்கு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் ‘கண்டக்டர்’ என்று வந்த பதவி. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாயில் விழுந்து கண்டாக்கு ஆகி, மரியாதை சேர்ந்து கண்டாக்கையா ஆகிவிட்டது. கம்பெனி இப்போது அந்தப் பதவிக்கு வேறு என்னவோ பெயர் வைத்திருக்கிறது. பெயரைத்தான் மாற்றினார்கள், ஆள் அங்கேயேதான் நிற்கிறார்.

இதைச் சொல்லாமல் பூரணியின் கதையைச் சொல்ல முடியாது. அவள் போய் மாட்டிக்கொண்டதே இந்த ஒரு சொல்லால்தான்.

பூரணி இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் பஜனையில் தாளம் போடுவாள். அந்த இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு ஜால்ரா என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்களுக்கு நடுவில் ஜால்ரா அடிக்கத் தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்பதால், குழப்பம் வேண்டாமென்று தாளம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ரோகினி என்றொரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் கையேடு. ‘கூட்டுத் தலைமை ஒத்திசைவு நிறுவனம்’ என்ற இடத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். பஜனையைக் கடைசிவரை கேட்டாள். எழுந்து நின்று பேசினாள்.

“மலையகத்துல முதன்முதலா ஒரு ஓர்கெஸ்ட்ரா அமைக்கிறோம். இதுல கண்டக்டர் கிடையாது. யாரும் முன்னால நின்னு கையை ஆட்ட மாட்டாங்க. எல்லாரும் சமம். எல்லாரும் தலைவர்.”

“என்னாங்குது அந்தப் புள்ள?” என்று பின்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார்.

தப்படிக்கிற நல்லமுத்துவுக்கு ஆபீஸ் மொழியும் தெரியும், லயத்து மொழியும் தெரியும். “கண்டாக்கு இல்லாத எடமாம்” என்றான்.

பூரணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“பின்னால நின்னு யாரும் சத்தம் போட மாட்டாங்களாங்க?”

“பின்னாலயும் நிக்க மாட்டாங்க, முன்னாலயும் நிக்க மாட்டாங்க” என்றாள் ரோகினி.

அன்றைக்கு மட்டும் நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. “வாசிக்கத் தெரியாது தாயி. சும்மா ஒரு ஓரமா ஒக்காந்துக்குறேன், கண்டாக்கு இல்லாம ஒக்காந்தாப் போதும்” என்று ஒருத்தி கெஞ்சினாள். ரோகினி அதைக் கலைத்தாகம் என்று குறித்துக்கொண்டாள்.

கடைசியில் அந்தத் தோட்டத்தில் பூரணியும் நல்லமுத்துவும் தெரிவானார்கள். மூன்று நாள் முகாம், வட்டவளையில். திங்கள் போய்ப் புதன் திரும்பலாம்.

புதன் திரும்பியே ஆகவேண்டிய காரியம் ஒன்று பூரணிக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவளுடைய மகள் சர்மிளா ரயிலேறுகிறாள். கொழும்புக்கு அந்தப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை, அங்கேயே தங்கல். பத்தொன்பது வயது, தகப்பன் இல்லாத பிள்ளை, தோட்டத்தை விட்டுத் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. ஏன்டி போற என்று கேட்டதற்கு, “ஒன்ன மாதிரி கண்டாக்குகிட்ட ஏச்சு வாங்க என்னால முடியாதும்மா” என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

“புதன் வந்துருவேன்டி” என்றாள் பூரணி. “ஹட்டன் ஸ்டேசன்ல நாந்தான் ஏத்திவிடுவேன். சொல்ல வேண்டியது நெறையக் கெடக்கு.”

முகாம் நடந்த இடம் ரயில் பாதைக்கு மேலே ஒரு பழைய தொரை பங்களா. சுற்றிலும் ஆளுயரக் கம்பிவேலி, முன்னால் பூட்டிய கேட். உள்ளே பதினைந்து இசைக்கலைஞர்கள். அவர்களுக்கு மேலே யாருமே இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ள ஏழு அலுவலர்கள்: பணிப்பாளர், ஒருங்கிணைப்பாளர், வசதிப்படுத்துநர், அவதானிப்பாளர், மதிப்பீட்டாளர், ஆவணப்படுத்துநர், பாதுகாப்பு அலுவலர். ரோகினி வசதிப்படுத்துநர். அவள் யாருக்கு என்ன வசதி செய்தாள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

பணிப்பாளர் பரமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், கனிவான குரல். வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் நின்று முகாமைத் தொடக்கி வைத்தார்.

“உங்களுக்கு மேல ஒருத்தரும் இல்லை. இதை நான் உறுதியாச் சொல்லுறன். நான் சொல்லாமல் ஒருத்தராலயும் இதை மாத்தேலாது. விளங்குதோ?”

விளங்கியது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு சின்னத்தை நெஞ்சில் குத்திவிட்டார்கள். அதில் ‘தலைவர்’ என்று எழுதியிருந்தது. தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர்தான். நல்லமுத்து பயந்துபோனான். “இதக் குத்திக்கிட்டு நான் தோட்டத்துக்குள்ள போனா எங்க தலைவரு என்னய சங்கத்த விட்டுத் தூக்கிருவாருங்க” என்றான். அவதானிப்பாளர் அதை அவதானித்துக்கொண்டார்.

அடுத்தது நம்பிக்கைப் பெட்டி. பச்சை வர்ணம் பூசிய இரும்புப் பெட்டி.

“நம்பிக்கை இல்லாமல் கூட்டுத் தலைமை இல்லை” என்றார் பரமலிங்கம். “அதால உங்கட ஃபோன், அடையாள அட்டை எல்லாத்தையும் இதுக்குள்ள போடுங்கோ.”

“ஒங்க போனையும் போடுவீங்களாங்க?” என்று நல்லமுத்து கேட்டான்.

“தம்பி, பயிற்சி உங்களுக்குத் தானே. எங்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கை இருக்கு.”

பெட்டியைப் பெரிய ஆமைப்பூட்டால் பூட்டினார்கள். திறப்பு, அதாவது சாவி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தலைவரிடம் இருக்கும் என்றும், யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு அதிகாரம் வந்துவிடும் என்பதால் அதைச் சொல்ல மாட்டோம் என்றும் அறிவித்தார்கள். பதினைந்து பேரும் மற்றப் பதினான்கு பேரையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிற்பகல் வாசிப்பு. பொதுவாக எல்லாருக்கும் தெரிந்த கும்மி மெட்டுத்தான். மட்டமான ஒரு கோயில் திருவிழாவில்கூட யாராவது ஒருத்தர் ‘ம், புடி’ என்றால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே அது முடியாது.

“எல்லாரும் ஒரே நேரத்தில தொடங்க வேணும்” என்றார் பரமலிங்கம். “ஆனால் ஒருத்தரும் தொடங்கி வைக்கக் கூடாது.”

பதினைந்து பேரும் வாத்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை மட்டும் யாரையும் கேட்காமல் தொடங்கியது. அரை மணி நேரம் போயிற்று. “மௌனத்தை உள்வாங்குங்க” என்று ரோகினி மெல்லச் சொன்னாள். உள்வாங்கினார்கள்.

கொத்மலையிலிருந்து வந்த வயலின் மாஸ்டர் இராசமணிக்கு முப்பது வருடப் பழக்கம். தன்னையறியாமல் தலையை லேசாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டார். எல்லாரும் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். ஆறு வினாடி அந்தப் பங்களாவே நிறைந்தது. அதற்குள் அவதானிப்பாளர் விசிலை ஊதிவிட்டார்.

விசாரணை அங்கேயே நடந்தது.

“மாஸ்டர், தலையை ஆட்டினீங்களோ?”

“இல்லீங்க… அது வந்து, கழுத்து வலிங்க.”

பாதுகாப்பு அலுவலர் அக்கறையுள்ள மனிதர். மறுநாள் காலையில் இராசமணிக்கு ஒரு கழுத்துப் பட்டி வந்துவிட்டது. அதன்பிறகு அவரால் தலையை ஆட்டவும் முடியவில்லை, வயலினைத் தாடைக்குக் கீழே வைக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பூரணியின் முறை. மதிப்பீட்டாளர் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். பதினான்கு அம்புக்குறிகள், எல்லாம் பூரணியை நோக்கி.

“எல்லாரும் அவவைத் தான் பாக்கினம்” என்றார் பரமலிங்கம் வருத்தத்தோடு. “இது மறைமுக அதிகாரம்.”

“தாளத்தப் பாக்காம வேற எங்கங்க பாப்பாங்க?” என்றாள் பூரணி. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இரண்டு மணி நேரக் கலந்துரையாடலுக்குப் பிறகு தீர்வு வந்தது. தாளத்தின் ஒரு தட்டு பூரணியிடம், மற்றத் தட்டு நல்லமுத்துவிடம். பூரணி வட்டத்தின் இந்த முனையில், நல்லமுத்து அந்த முனையில். நடுவில் பன்னிரண்டு அடி. இந்த நாட்டில் அதிகாரப் பகிர்வு என்று எத்தனையோ காலமாகப் பேசுகிறார்கள். அது முழுமையாக நடைமுறைக்கு வந்ததை நான் இந்த ஒரு தாளத்தில்தான் கண்டேன். ஆவணப்படுத்துநர் படம் பிடித்தார். பூரணி ஒற்றைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா இருந்தாள்.

புதன்கிழமை மாலை முகாம் முடியவில்லை. ஒரு தடவையாவது பாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தால்தான் முடியும் என்றும், அதுவரை ‘கூட்டுப் பயணம் தொடர்கிறது’ என்றும் பலகையில் எழுதிவிட்டார்கள்.

பூரணி எழுந்து நின்றாள். “நான் போகணுங்க. வெள்ளிக்கெழம காலையில எம் மக ரயிலேறுது. புதன் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.”

“அதுக்கென்ன, கட்டாயம் போகலாம்” என்றார் பரமலிங்கம். “நான் ஆர் உங்களை மறிக்க? எனக்கு அந்த அதிகாரம் இல்லை. குழு ஒருமித்துத் தீர்மானிச்சால் கேட் தானாத் திறக்கும்.”

குழுவைக் கேட்டார்கள். பதினான்கு கைகளும் ஒரே மூச்சில் தூக்கப்பட்டன. பூரணி கும்பிட்டுவிட்டுப் பையை எடுக்கப் போனாள்.

“பொறுங்கோ” என்றார் மதிப்பீட்டாளர். “ஒருத்தர் கூட எதிர்க்கேல்லை. அப்பிடியெண்டால் மாற்றுக் கருத்துச் சொல்லப் பயப்பிடினம் எண்டு தானே அர்த்தம்? பயத்தில எடுத்த முடிவு செல்லாது.”

“பயமெல்லாம் இல்லீங்க” என்றான் நல்லமுத்து.

“பாத்தீங்களோ, சொல்லவும் பயப்பிடுறார்.”

வியாழக்கிழமை மறுபடியும் கூட்டம். நல்லமுத்து ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பூரணியின் காதில், “நான் எதுக்குறேங்க்கா. அப்பவாவது சரின்னுவானுங்களான்னு பாப்போம்” என்றான். பிறகு எழுந்து, “பூரணியக்கா போகவே கூடாது!” என்று தப்புச் சத்தத்துக்குச் சமமாகக் கத்தினான்.

பரமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “இது தான் ஜனநாயகம்” என்று நல்லமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஆனால், ஒருத்தர் எதிர்க்கிறபடியால் இனி ஒருமித்த முடிவு இல்லை. இதைத் திங்கக்கிழமை எடுப்பம்.”

மதியம் பூரணி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். நல்லமுத்து குற்றவாளி போலப் பக்கத்தில் குந்தினான்.

“நம்ம பொன்னையா கண்டாக்குகிட்ட கேட்டிருந்தா என்னா செஞ்சிருப்பாரு?” என்றாள் பூரணி. “பத்து நிமிசம் ஏசுவாரு. அப்பன் ஆத்தாவ எல்லாம் இழுப்பாரு. அப்புறமா ‘போய்த் தொல’ம்பாரு. போயிருப்பேன். ஒரு ஆளு இருந்தா அந்த ஆளு கால்ல வுழலாம். இங்க யாரு கால்ல போயி வுழுறது, சொல்லு?”

போனும் பெட்டிக்குள், அட்டையும் பெட்டிக்குள். பூரணி கேட் காவல்காரரிடம் போய்ப் பார்த்தாள். நல்ல சிங்கள மனிதர், அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பதினைந்து கையெழுத்து உள்ள தாள் இல்லாமல் திறக்க அவருக்கு உத்தரவு இல்லை. அந்தத் தாளைத் தர வேண்டியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. அவரும் பரிதாபமாகத் தலையைச் சொறிந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. வட்டம் போட்டு உட்கார்ந்து மௌனத்தை உள்வாங்கிக்கொண்டிருந்தார்கள். சர்மிளா இப்போது ஹட்டன் ஸ்டேசனில் மாமனோடு நிற்பாள், அம்மா வருகிறாளா என்று படிக்கட்டையே பார்ப்பாள். இப்போது ஏறியிருப்பாள். சாப்பாட்டுப் பார்சலை மறந்திருப்பாள்.

ஹட்டனிலிருந்து வரும் வழியில், ரொசல்லைப் பக்கமிருந்து ரயில் கூவியது.

பூரணி எழுந்தாள். வட்டத்துக்குக் குறுக்கே நேராக நடந்து நல்லமுத்துவின் மடியிலிருந்த தட்டை எடுத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுப்பது தலைமை தாங்குவதாகிவிடும் என்று அலுவலர்களுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பங்களாத் தோட்டத்தின் கோடிக்கு ஓடினாள். கம்பிவேலிக்குக் கீழே பாதை தெரிந்தது. ஏறிக் குதிக்க முடியாத வேலி. இரண்டு தட்டையும் ஓங்கி அடித்தாள்.

நான்காவது அடியில் அவளுக்குப் பின்னால் தப்பு விழுந்தது. நல்லமுத்து ஓடிவந்திருந்தான். இராசமணி மாஸ்டர் கழுத்துப் பட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்தார். பிறகு டோலக், பிறகு நாதஸ்வரம், வலப்பனைக்காரரின் ட்ரம்பெட். யார் எப்போது சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மன் தேர் லயத்தைச் சுற்றிவரும்போது வாசிக்கிற அடி அது. ஒருத்தர் ஏற, மற்றவர்கள் விட்டுக்கொடுத்து, ஒருத்தர் தளர, இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு வாசித்தார்கள். நாலு நாளாகப் பூட்டிக்கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

அந்த ரயில் வட்டவளையில் நிற்காது. வளைவில் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். பெட்டி பெட்டியாக ஜன்னல்கள் போயின. ஜன்னலுக்கு ஒரு கை அசைந்தது. ரயிலில் போகிறவர்கள் யாரைக் கண்டாலும் கை அசைப்பார்கள். மூன்றாவது பெட்டியில் ஒரு மெலிந்த கை தெரிந்தது. அது அவளுடையதா என்று பூரணி வேலியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தாள். அதற்குள் வளைவு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் தாளத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழுந்துவிடுவேன் போலிருந்தது என்று பிறகு சொன்னாள்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்டது. ஏழு அலுவலர்களும் புல்வெளியில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவணப்படுத்துநர் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார்.

“இது தான் நாங்கள் கண்ட கனவு!” என்றார் பரமலிங்கம். “ஒருத்தரும் சொல்லாமல், ஒருத்தரும் தொடங்கி வைக்காமல்! எங்கட நாலு நாள் வழிகாட்டல் இல்லாமல் இது நடந்திருக்குமோ? அந்த அம்மா அழுதுகொண்டே வாசிச்சா பாருங்கோ, அந்தளவுக்கு எங்கட பயிற்சி அவவின்ர மனசைத் தொட்டிருக்கு.”

முகாம் வெற்றியாக முடிந்தது என்று அங்கேயே அறிவித்தார்கள். போவதற்கு முன் ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நான்காவது கேள்வி: ‘இன்று குழுவை வழிநடத்தியது யார்?’ பதினைந்து பேரும் ஒருவரையொருவர் கேட்காமல் ‘ரயில்’ என்று எழுதினார்கள். ஒருமித்த கருத்து உருவான முதல் சந்தர்ப்பம் என்று அது அறிக்கையில் சேர்ந்தது.

நம்பிக்கைப் பெட்டியின் திறப்பு யாரிடமும் இல்லை. ஒவ்வொரு அலுவலரும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று நம்பியிருந்தார். காவல்காரர் அலவாங்குக் கம்பியைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தார். பூரணியின் போனில் சார்ஜ் இல்லை.

சனிக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது பொன்னையா கண்டாக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு நாளுன்னுட்டு அஞ்சு நாளு எங்க போயிருந்த?”

“கண்டாக்கு இல்லாத எடத்துக்குங்கய்யா.”

“ஓ! எப்புடி இருந்திச்சாம்?”

“ஏழு பேருங்கய்யா” என்றாள் பூரணி. “ஒருத்தருகூட ஏசலீங்க. ஒங்கள நெனச்சு ஏங்கிப் போயிட்டேன்.”

பொன்னையா இதற்கு ஏச வேண்டுமா சந்தோசப்பட வேண்டுமா என்று புரியாமல், பழக்கத்துக்கு ஏசிவிட்டுப் போனார். பூரணிக்கு அது காதுக்கு இதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்மிளாவின் அழைப்பு வந்தது. பூரணி லயத்து வாசலில் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வரமுடியாமல் போனதைச் சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் அழுதாள்.

“பரவாயில்லம்மா, அழாத” என்றாள் மகள். “மாமாதான் ஏத்திவிட்டாங்க. வட்டவளையத் தாண்டுறப்ப ஒன்னய நெனச்சேன். தப்புச் சத்தம், தாளச் சத்தமெல்லாம் கேட்டுச்சு. நான் அந்தப் பக்கம் ஒக்காரல, பாக்க முடியல. ஏதோ கோயில் திருவிழான்னு நெனச்சு இருந்த எடத்துலயே கும்புட்டுக்கிட்டேன்.”

பூரணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அது நான்தான்டி என்று சொல்ல வாய் வரவில்லை.

“அம்மா, ஒன்னு சொல்றேன், சந்தோசப்படுவ” என்றாள் சர்மிளா. “இங்க சூப்பர்வைசரே கெடையாதாம்! இப்பத்தான் மேடம் புதுப் புள்ளைங்களையெல்லாம் வட்டமா ஒக்கார வச்சுச் சொன்னாங்க. இங்க யாருக்கும் மேல யாரும் இல்லியாம். நாங்க எல்லாருமே தலைவருதானாம்.”

பூரணி அவளை மேலே பேச விடவில்லை.

“அடியே சர்மிளா, நான் சொல்றதக் கேளு. போனக் குடுத்துடாத. ஐடியையும் குடுத்துடாத. கேக்குதா? எவ்வளவு நல்லாப் பேசினாலும் சரி, யாரு கேட்டாலும்…”

“இரும்மா, பெட்டிய எங்க பக்கம் கொண்டாறாங்க. அப்புறமாப் பேசு…”

பூரணி திரும்பவும் அழைப்பு எடுத்தாள். திரும்பவும் திரும்பவும் எடுத்தாள். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னது.